வெந்துபோன பூச்சு

நான் உள்ளே வரும்போது தியேட்டர் வாசலில் ஒரு பிள்ளை நின்று அட்டைப்பெட்டியைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. நின்றால் திட்டிவிடுவேனோ என்று பயந்து வந்துவிட்டேன். அவள் செய்ததில் தப்பும் கிடையாது. வெளியிலிருந்து வரும் எந்த அட்டையும் ஆபரேஷன் தியேட்டருக்குள் போகக் கூடாது. அட்டை என்றால் தூசி, தூசி என்றால் கிருமி. நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்து, கேட்காதவர்களைக் கத்தித் தீர்த்தவள்தான். இருந்தாலும் அட்டை கிழிபடும் சத்தத்தை இன்றைக்கும் என்னால் நின்று கேட்க முடிவதில்லை.

ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவளைக் கூப்பிட்டு, "புதுசாச் சேர்ந்த பிள்ளைகளுக்கு உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்கள். கை கழுவுவது எப்படி, கவுன் மாட்டுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. நான் சொல்லப் போவது ஒரே ஒரு காலையில் நடந்ததும், மறுநாள் நடந்ததும். நடுவில் நான் பேச்சை நிறுத்தினால் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். அப்புறம் நானே தொடர்வேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பாதையில் இருந்த ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் நான் தியேட்டர் இன்சார்ஜ். சாரல் விழ ஆரம்பித்தால் ஊருக்குக் குளியல், எங்களுக்கு வேலை. ஈர ரோட்டில் பைக் சறுக்கும். பாறையில் ஆள் சறுக்கும். அருவியில் குளித்த கிறக்கத்தில் வேன் ஓட்டுகிறவன் எதிரே வருகிறவன்மேல் ஏற்றுவான். துண்டும் சோப்புப் பெட்டியுமாகக் குளிக்கக் கிளம்பியவர்கள் அப்படியே ஸ்ட்ரெச்சரில் எங்களிடம் வருவார்கள். எங்கள் பெரிய டாக்டர் அந்த மாதங்களில் மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். எப்படியாவது அவர் காதுக்குப் போய், "உங்களுக்கு வேற சோலி இல்லையா சிஸ்டர்?" என்று போனில் பிடித்துக்கொள்வார். கத்தி பிடிப்பதில் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் இருக்கலாம். சுத்தம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ரொம்ப காலத்துக்கு முன்னால் வெளியிலிருந்து வந்த ஒரு உறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்து, உள்ளே இருந்த உலோகப் பிளேட்டை எலும்பில் பொருத்திய ஆளுக்குச் சீழ் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஒரு விதி போட்டார். "கம்பெனிக்காரன் சுத்தம்னு சொன்னா எனக்குப் போதாது. நம்ம மெஷின்ல வேகாத எதுவும் எலும்பைத் தொடக் கூடாது." மெஷின் என்று அவர் சொன்னது ஆட்டோகிளேவை. நீராவியின் அழுத்தத்தில் கருவிகளை வேகவைத்துக் கிருமியைக் கொல்லுமே, அதுதான். அந்த விதியால் எங்கள் ஆஸ்பத்திரியில் சீழ் என்ற பேச்சே குறைந்தது. அக்கம்பக்கத்து ஊர் டாக்டர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டவள் ஸ்டெல்லா. ஆலங்குளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். மூடியை மூடிவிட்டு மூடினேனா என்று திரும்ப வந்து பார்க்கிற ரகம். நாங்கள் அவளைக் கேலி செய்வோம். "ஏட்டி, உன் மெஷினைக் கூடவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை பார்ப்பாள். வேகவைத்த கருவிகளோடு அவள் கொடுக்கும் டிரம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன்.

இப்போது முத்துச்செல்விக்கு வருகிறேன். அச்சன்புதூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண், போலீஸ் கான்ஸ்டபிள். சீசன் பந்தோபஸ்துக்காக அருவிக்குப் போகும் ரோட்டில் நின்றவளை, பின்னால் எடுத்த ஒரு வேன் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வேறோர் இடத்தில் எலும்புக்குள் கம்பி வைத்தார்கள், சீழ் பிடித்தது. அந்தக் கம்பியை எடுத்துவிட்டு, காலைச் சுற்றி வெளியில் ஒரு இரும்புச் சட்டத்தை மாட்டி, மாதக்கணக்கில் புண்ணை ஆற வைத்தோம். அந்தச் சட்டத்தை அவள் கூண்டு என்பாள். கூண்டோடு தூங்கி, கூண்டோடு குளித்து, வாசற்படி தாண்டும்போதெல்லாம் இடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

புண் காய்ந்த பிறகு டாக்டர் அவளிடம் ஒளிக்காமல் சொன்னார். "இன்னொரு தடவை கம்பி வைக்கணும். அதுலயும் சீழ் பிடிச்சா, முழங்காலுக்குக் கீழ எடுக்கறதைத் தவிர வழி இல்லம்மா."

"எடுத்துட்டா யூனிஃபார்ம் போட முடியுமா சார்?"

"ஆபீஸ் வேலை கொடுப்பாங்கம்மா."

"ஆபீஸ்ல உக்காரதுக்கா சார் நான் கிரவுண்டுல அந்த ஓட்டம் ஓடுனேன்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதனால்தான் டாக்டர் அவளுக்கு மருந்து பூசிய கம்பியைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். உங்களுக்கு இது பழகிப்போன சாமான். எங்களுக்கு அப்போது புதிது. கம்பியின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு. அந்தப் பூச்சுக்குள் கிருமிக்கொல்லி மருந்து. எலும்புக்குள் போனதும் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மருந்தை விடும். கிருமி தலையெடுக்காமல் இருந்தால் எலும்பு நிம்மதியாக ஒட்டும். அவள் காலுக்கு ஏற்ற அளவு உடனே கிடைக்கவில்லை. பல வாரம் காத்திருந்து ஒரே ஒரு கம்பி வந்தது.

ஆபரேஷன் அன்றைக்கு வெளியே சாரல். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்திருந்தோம். அப்படியானால் ஆள் முழித்துக்கொண்டுதான் இருப்பாள், நெஞ்சுக்கு மேலே கட்டிய பச்சைத் துணித் திரைக்கு அந்தப் பக்கம். கூண்டைக் கழற்றியதும், "போச்சா சிஸ்டர், சனியன்?" என்று கேட்டாள். "போச்சும்மா" என்றேன். எல்லோரும் சிரித்தோம். டாக்டர் எலும்பின் உள்பக்கத்தைச் சுத்தம் செய்து தயாராக்கிவிட்டு என் பக்கம் கையை நீட்டினார்.

ஸ்டெல்லா டிரேயைக் கொண்டுவந்து வெளித்துணியை விரித்தாள். நான் உள்துணியைப் பிடித்து எடுத்தேன். வரவில்லை. கொஞ்சம் இழுத்தேன். துணியோடு கம்பியும் சேர்ந்து வந்தது. அடிபிடித்த தோசையைக் கல்லிலிருந்து பிய்க்கிற மாதிரி பிய்த்தால், கம்பி முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாகக் கொப்புளம் கொப்புளமாய் இருக்கிறது. பாதிப் பூச்சு துணியில் இருக்கிறது.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவுமே புரியவில்லை. புரிந்ததும் அடப்பாவி, அடப்பாவி என்று மனதுக்குள் யாரைச் சொல்கிறேன் என்றே தெரியாமல் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"ஏட்டி ஸ்டெல்லா, இதை மெஷின்ல போட்டியா?"

"போட்டேன் சிஸ்டர். எப்பவும் போடுதது மாதிரிதான்." சொல்லும்போதே அவள் கண் கம்பிமேல் விழுந்தது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், பெட்டியிலேயே எழுதியிருக்குமே என்று. எழுதியிருந்தது. மெஷினில் போடாதே, பூச்சு கெட்டுவிடும் என்று பெரிய எழுத்தில், சிவப்பில். பெட்டியின் மேல். அந்தப் பெட்டி நம் முறைப்படி வாசலிலேயே கிழிபட்டுக் குப்பைக்குப் போய்விட்டது. உள் உறையில் வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட ஒரு குட்டிக் குறி மட்டும்தான். ஒரு தடவை பயன்படுத்தியதை மறுபடி பயன்படுத்தாதே என்று அதற்கு அர்த்தம் என நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். மறுபடி மெஷினில் போடாதே என்பதுதான் அதன் நிஜ அர்த்தம். சோம்பேறித்தனத்தால் நடந்தது அல்ல இது. அட்டையை உள்ளே விடாத ஒழுங்கும், எதையும் வேகவைக்காமல் விடாத ஒழுங்கும் சேர்ந்து செய்த வேலை. வேறே ஏதாவது அழுக்கான ஆஸ்பத்திரியாக இருந்திருந்தால் கம்பி தப்பித்திருக்கும். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வாய் கூசுகிறது.

டாக்டர் கம்பியைப் பார்த்தார். கத்தவில்லை. மயக்க மருந்து டாக்டர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு மெதுவான குரலில் சொன்னார். "மேல இருக்கறதைச் சுரண்டிட்டு வச்சிருங்க. மருந்து கொஞ்சமாவது ஒட்டிக்கிட்டிருக்கும்."

"எவ்வளவு இருக்கும்?"

"அது எப்படிச் சொல்ல?"

"அப்ப எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை இந்த எலும்புக்குள்ள நான் விட மாட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. தியேட்டரில் யாரும் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். மானிட்டர் சத்தம் மட்டும் கேட்கும். அந்த அமைதியில் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"என்ன சிஸ்டர், எல்லாரும் பேசாம நிக்கீங்க? என்ன ஆச்சு?"

மயக்க மருந்து டாக்டரின் கை பக்கத்திலிருந்த ஊசிக்குப் போனது. கொஞ்சம் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் அவள் கண்ணசந்துவிடுவாள். நாம் பேசி முடிவு செய்யலாம். எல்லா இடத்திலும் அதுதான் வழக்கம், நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். பெரிய டாக்டர் தலையை ஆட்டித் தடுத்தார்.

"வேண்டாம். அவ கால் அது."

கையை நெஞ்சோடு சேர்த்து மடக்கிக்கொண்டு அவர் திரையைச் சுற்றிப் போனார். அவள் தலைமாட்டில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேரே குனிந்தார். என் சர்வீஸில் ஆபரேஷன் நடுவில் திரையைத் தாண்டிப் போய் நோயாளியிடம் பேசிய டாக்டரை நான் பார்த்ததே இல்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"முத்துச்செல்வி, உனக்காக வந்த கம்பி கெட்டுப்போச்சும்மா. மேல பூசியிருந்த மருந்து எங்க மெஷின்ல வெந்துபோச்சு."

போலீஸ்காரி போலீஸ்காரிதான். முதல் கேள்வியே, "யாரு பண்ணுனது?"

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஸ்டெல்லா, "நான்தான்" என்றாள். அழுகையும் இல்லை, சமாதானமும் இல்லை. அந்த ஒரு வார்த்தைதான்.

"கை அவளோடது. விதி என்னோடது" என்றார் டாக்டர்.

மானிட்டரில் துடிப்பு தடதடவென்று ஏறியது. முத்துச்செல்வி மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "இதை எங்கிட்டச் சொல்லாம உள்ள வச்சிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்காது."

"பின்னால சீழ் வந்திருந்தா?"

"அப்பவும் தெரிஞ்சிருக்காது. உன் உடம்பு வாகு அப்படின்னு சொல்லியிருப்போம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு டாக்டர் இதை நோயாளியிடம் சொல்வாரா? மயக்க மருந்து டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

டாக்டர் தொடர்ந்தார். "ரெண்டு வழி இருக்கு. மறுபடி கூண்டை மாட்டிட்டு அடுத்த கம்பி வர்ற வரைக்கும் காத்திருக்கலாம். இல்லன்னா எலும்பு சிமெண்டுல மருந்துப் பொடியைக் கலந்து, ஒரு மெல்லிசுக் கம்பி மேல நானே இங்கன பூசி வைக்கறேன். கம்பெனி பண்ணுனது மாதிரி வழவழப்பா இருக்காது. பின்னாடி மாத்த வேண்டியும் வரலாம். இதை நான் வேற ஊர்ல செஞ்சிருக்கேன். இங்கன செஞ்சதில்ல."

"அந்தச் சிமெண்டும் சூடாகும்லா? மருந்து மறுபடி வெந்துறாதா?" எனக்கே தோன்றாத கேள்வி.

"மருந்து தாங்கும்மா. தாங்காம உருகுனது கம்பெனிக்காரன் பூச்சுதான்."

"கை நடுங்குதா சார் உங்களுக்கு?"

அவர் கையுறை போட்ட இரண்டு கையையும் அவள் கண்ணுக்கு முன்னால் நீட்டிக் காட்டினார். அவள் நன்றாகப் பார்த்தாள்.

"அப்பச் செய்யுங்க. அந்த சிஸ்டரை இங்கனயே நிக்கச் சொல்லுங்க சார். வெளிய போயி எதையாவது பண்ணிக்கிறப் போறாங்க."

காலைப் பறிகொடுக்கப் போகிறோமோ என்று படுத்திருப்பவளுக்கு அடுத்தவளைப் பற்றி எப்படித் தோன்றியது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

அதற்கப்புறம் வேலை. நெஞ்சில் கட்டிய நீரை வடிக்கப் போடுவோமே ரப்பர் குழாய், அதுதான் அச்சு. சிமெண்டும் மருந்துப் பொடியும் கலந்து குழாய்க்குள் செலுத்தி, நடுவில் கம்பியைச் செருகி, இறுகியதும் குழாயைக் கீறி உரித்துவிட வேண்டும். சிமெண்டைக் கலந்துவிட்டால் அது யாருக்காகவும் நிற்காது. சில நிமிஷத்தில் கல்லாகிவிடும். டாக்டர் குழாயைப் பிடித்திருந்தார், நான் கம்பியைப் பிடித்திருந்தேன். கையில் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்டெல்லா பேசினாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

"சார்... போன தடவையும் நான் இப்படித்தான் மெஷின்ல போட்டேன்."

"எந்தத் தடவை?"

"கடையநல்லூர் மைதீன் அண்ணாச்சிக்கு வச்சோம்லா. அதுவும் மருந்து பூசுனதுதான்."

தலையில் இடி விழுந்த மாதிரி என்பார்களே, அது வெறும் பேச்சு என்று நினைத்திருந்தேன். இல்லை. காதுக்குள் நிஜமாகவே ஒரு சத்தம் கேட்டது. என் கையிலிருந்த கம்பி ஒரு நூல் சாய்ந்தது.

டாக்டரின் முகம் மாறியதை முகக்கவசத்துக்கு மேலேயே நான் பார்த்தேன். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார். "கம்பியை நேராப் பிடிங்க சிஸ்டர். அது அப்புறம். இப்ப இந்தக் கால்" என்றார். நிமிர்த்திப் பிடித்தேன். பிள்ளைகளா, இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால், அந்த வார்த்தைகளைத்தான் வைத்துக்கொள்வேன். எவ்வளவு பெரிய அதிர்ச்சி வந்தாலும், மேஜைமேல் இருக்கிற காலை முதலில் முடியுங்கள்.

முத்துச்செல்வியின் கால் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு மனது அடித்துக்கொள்ளும். அதைச் சொல்லிவிடுகிறேன். சீழ் பிடிக்கவில்லை. எலும்பு மெதுவாக ஒட்டியது. அடுத்த சீசனில் யூனிஃபார்ம் போட்டு, லேசாகச் சாய்ந்த நடையோடு எக்ஸ்ரே எடுக்க வந்தாள். வந்ததும் ஸ்டெல்லாவைத்தான் தேடினாள். புகார் கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று ஸ்டெல்லா மெஷின் அறைக்குள் ஒண்டிக்கொண்டாள். முத்துச்செல்வி கதவில் சாய்ந்துகொண்டு, "இத்தனை வருஷ சர்வீஸ்ல, கேட்டதும் 'நான்தான்'னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான் சிஸ்டர். எங்க ஸ்டேஷனுக்கு வந்துறாதீங்க, எங்களுக்குச் சோலி இல்லாமப் போயிரும்" என்றாள். ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள்.

அதெல்லாம் பிறகு. ஆபரேஷன் முடிந்த அன்று டாக்டர் கைகழுவும் தொட்டி முன்னால் நின்று, கழுவின கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோர் மனதிலும் மைதீன்தான்.

மைதீன் செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்கு லாரி ஓட்டியவர். முத்துச்செல்விக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்துப் பூச்சுக் கம்பி வைத்தது அவருக்கு மட்டும்தான். அன்று நான் விடுப்பில் இருந்தேன். அந்தக் கம்பி துணியில் சுற்றாமல் எவர்சில்வர் தட்டில் வெந்திருக்கிறது, அதனால் ஒட்டிப் பிய்யவில்லை. அங்கங்கே திரண்டு மட்டும் இருந்திருக்கிறது. மருந்துப் பூச்சை யாருமே அதற்கு முன்னால் பார்த்ததில்லை. இப்படித்தான் இருக்கும் போல என்று வைத்துவிட்டார்கள். சீழ் பிடித்தது. என்ன செய்தும் அடங்கவில்லை. திருநெல்வேலிக்கு அனுப்பினோம். அங்கே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவர் பீடி குடிப்பார். "பீடி குடிக்கற உடம்புல எலும்பு ஒட்டாது" என்று டாக்டர் சொன்னார். தலையணைக்கு அடியிலிருந்து பீடிக் கட்டை உருவி, அவர் மனைவி முன்னாலேயே நானும் சொன்னேன், "இதாம்மா உன் வீட்டுக்காரர் காலைத் திங்குது" என்று. அவர் மனைவி கதீஜா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டில் பீடி சுற்றித்தான் குடும்பத்துக்கு ஒத்தாசையாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மயக்க மருந்து டாக்டர் தொட்டிப் பக்கம் வந்து நின்றார். கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர். "அவர் எந்தப் புகாரும் கொடுக்கல. போன காலு திரும்பியும் வராது. நீங்களாப் போயி சொன்னா கோர்ட்டு வாசல்ல நிக்கணும். ஆஸ்பத்திரியை மூட வேண்டியதுதான். யோசிங்க."

"யோசிச்சுட்டேன்" என்றார் டாக்டர். "அந்தப் பிள்ளை முழிச்சுக்கிட்டு இருந்தா, சொன்னோம். மைதீன் இங்கன இல்லங்கறதுக்காகச் சொல்லாம விட்டா, அதுவும் தூக்க ஊசி போடுத மாதிரிதானே?"

மறுநாள் காலையில் கடையநல்லூருக்கு, மைதீன் வீட்டுக்குக் கிளம்பிய அவர் காரில் நானும் ஸ்டெல்லாவும் ஏறினோம். அவர் எங்களைக் கூப்பிடவில்லை. வராதீர்கள் என்றும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் ஆண்கள் அடித்தால் டாக்டருக்கு முன்னால் நான் நிற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது.

மைதீன் முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். செயற்கைக் கால் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"அட, டாக்டரய்யா! வீடு தேடி வந்திருக்கீங்க. வாங்க, வாங்க. ஏட்டி கதீஜா, யாரு வந்திருக்கா பாரு, தேத்தண்ணி போடு." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "சிஸ்டர், நீங்க திட்டுனதுல இருந்து பீடியைத் தொடல. காலு இருக்கும்போதே கேட்டிருக்கணும் உங்க பேச்சை."

நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

டாக்டர் உட்காராமலேயே சொன்னார். மருந்து பூசிய கம்பி என்று சொல்லி வைத்தோம். அந்த மருந்துப் பூச்சை வைப்பதற்கு முன்னாலேயே நாங்கள் வேகவைத்துக் கெடுத்திருக்கிறோம். எங்களுக்கு அது நேற்றுத்தான் தெரிந்தது. பூச்சு சரியாக இருந்திருந்தால் கால் தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் தப்புவதற்கு இருந்த ஒரு வழியை அடைத்தது நாங்கள்தான். நீங்கள் எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம், நான் இதையே அங்கேயும் சொல்லுவேன். ஒரு வார்த்தையைக்கூட அவர் மென்று விழுங்கவில்லை.

மைதீன் டாக்டரைப் பார்த்தார், சுவரோரம் இருந்த காலைப் பார்த்தார், மறுபடி டாக்டரைப் பார்த்தார். நான் ஒரு அடி முன்னால் வந்தேன்.

குரல் வந்தது அவரிடமிருந்து இல்லை. உள்ளறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கதீஜா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்ப... நான் சுத்துன பீடி இல்லியா டாக்டர்?"

டாக்டர் திணறிப் போனார். அவர் திணறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பீடி நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. அதுவும் எலும்பை ஒட்ட விடாது. ஆனா அது ஒண்ணாலதான் காலு போச்சுன்னு நாங்க சொன்னது பொய். பொய்யின்னு தெரியாமச் சொன்ன பொய்."

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள். "கேட்டியளா? நான் சுத்துன பீடி மட்டும் இல்லியாம்."

மைதீன் திகைத்துப் போய், "நான் எப்ப ஏட்டி உன்னையச் சொன்னேன்?" என்றார்.

"நீங்க சொல்லல. நாந்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். தெனமும்."

அப்படியே நிலையில் சரிந்து உட்கார்ந்தாள். மைதீன் ஒற்றைக் காலால் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி அவள் பக்கம் போனார். அடி வாங்கத் தயாராக வந்த நாங்கள் மூன்று பேரும் நடுவீட்டில் நிற்கிறோம். நாங்கள் அங்கே இருப்பதே அவர்கள் இரண்டு பேருக்கும் மறந்துவிட்டது. கொதித்த தண்ணீர் பொங்கி அடுப்பை அணைத்தது. ஸ்டெல்லாதான் உள்ளே போய் அதை இறக்கி வைத்தாள்.

தண்ணீர் போதும், வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் அட்டை கிழித்த பிள்ளை எங்கே? எழுந்திரு, பயப்படாதே. போய்க் குப்பைக்கூடையிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாருக்கும் கேட்கும்படி வாசி.